பௌர்ணமி ஹோமத்தில் உட்காரப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நாகர்கோவிலில் எங்கள் யோகா வகுப்பில் மாதா மாதம் பௌர்ணமி சாயங்காலம் ஒரு ஹோமம் நடக்கிறது. வந்தவர்கள் எல்லோரும் குண்டத்தைச் சுற்றி உட்கார்ந்து, மந்திரம் சொல்லி, தங்கள் கையாலேயே ஆகுதி (நெருப்பில் இடுகிற பொருள்) போடுவார்கள். தோவாளைக்குப் போய் பூ வாங்குவது, கோட்டாற்றில் நாட்டு மருந்துக்கடையில் சாமான் எடுப்பது, விறகு காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு, அதனால் சந்தேகம் வந்தாலும் ஆட்கள் என்னிடம்தான் வருகிறார்கள். ஒரே கேள்வியை ஒரே நாளில் நாலு பேர் கேட்டதுண்டு. அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

அக்கா, கோயில்ல பார்க்கிற கணபதி ஹோமமும் இதுவும் ஒண்ணுதானா?

நெருப்பும் நெய்யும் ஒன்றுதான், நாம் இருக்கிற இடம்தான் வேறு. நம் மாவட்டத்தில் நிறைய கோயில்களில் கேரள முறைப்படி விடியற்காலையில் கணபதி ஹோமம் நடக்கும். கோயில் பூசை செய்கிற போற்றியோ தந்திரியோ செய்வார், நாம் ரசீது வாங்கி, பேரும் நட்சத்திரமும் சொல்லி, கைகூப்பி நின்று பிரசாதம் வாங்கிக்கொண்டு வருவோம். இங்கே பார்ப்பதற்கென்று யாரும் இல்லை, வந்தவர்கள் எல்லோரும் போடுகிறவர்கள்தான்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. குண்டத்தைப் பற்றவைப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் மூச்சுப் பயிற்சி செய்வோம். கீதையின் நாலாவது அத்தியாயத்தில் வேள்விகளை வகைவகையாகச் சொல்லிக்கொண்டே வரும்போது, 29ஆவது சுலோகத்தில், பிராணனை அபானனில் ஆகுதியாக இடுகிறவர்கள் என்று பிராணாயாமம் செய்கிறவர்களையும் சேர்த்திருக்கிறது. மூச்சும் ஆகுதிதான், வயிற்றுக்குள் சாப்பாட்டை எரிக்கிற ஜடராக்னியும் குண்டம்தான். யோகா வகுப்பில் ஹோமம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான், வெளியே செய்கிற அதே காரியத்தை உள்ளேயும் செய்து பார்ப்பது.

மொத்தம் எவ்வளவு நேரம்? என்னென்ன நடக்கும்?

ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மூச்சுப் பயிற்சி. அப்புறம் பிள்ளையாரை நினைத்து ஆரம்பம், சங்கல்பம் (எதற்காகச் செய்கிறோம் என்று சொல்லிக்கொள்வது), அக்னியை மூட்டுவது, முதல் சில ஆகுதிகளை ஒருவர் மட்டும் நெய்யால் விடுவது. நெருப்பு நன்றாகப் பிடித்த பிறகு 108 முறை மந்திரம், ஒவ்வொன்றின் முடிவிலும் எல்லோரும் 'ஸ்வாஹா' சொல்லி ஆகுதி. கடைசியில் பூர்ணாகுதி, சாந்தி மந்திரம். அதற்குப் பிறகு பத்து நிமிஷம் யாரும் பேசாமல் நெருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்தப் பத்து நிமிஷத்தில் எழுந்து போய் செருப்புத் தேடாதீர்கள், தயவு செய்து. மற்றதெல்லாம் அதற்காகத்தான்.

எனக்கு மந்திரமே தெரியாது. வாயை மூடிட்டு உட்கார்ந்தா போதுமா?

போதும். காது கொடுத்துக் கேளுங்கள், 'ஸ்வாஹா' மட்டும் கூடச் சொல்லுங்கள். பத்தாவது தடவை வரும்போது பாதி வாயில் வந்துவிடும், முப்பதாவது தடவையில் முழுசும் வந்துவிடும்.

நாங்கள் அதிகமாகச் சொல்வது மகா மிருத்யுஞ்சய மந்திரம். ரிக் வேதத்தின் ஏழாவது மண்டலத்தில் 59ஆவது சூக்தத்தில் 12ஆவதாக வருவது அது: 'த்ரயம்பகம் யஜாமஹே ஸுகந்திம் புஷ்டிவர்தனம், உர்வாருகமிவ பந்தனான் ம்ருத்யோர் முக்ஷீய மாம்ருதாத்'. முக்கண்ணனை வேள்வியால் வழிபடுகிறோம், பழுத்த வெள்ளரி காம்பிலிருந்து தானாக விடுபடுவதுபோல மரணத்திலிருந்து விடுபட வேண்டும், அமுதத்திலிருந்து அல்ல என்பது பொருள். கடைசிச் சொல்லில்தான் நிறைய பேர் தடுக்குவார்கள். அது 'மா அம்ருதாத்', சேர்ந்து 'மாம்ருதாத்' ஆகிறது. 'மாம்' என்று வெட்டி நிறுத்திவிட்டு அப்புறம் 'ருதாத்' என்று சொன்னால் பொருள் போய்விடும். இந்த ஒரு இடத்தை மட்டும் கவனித்தால் போதும். மற்றபடி நம் நாக்குக்கு வருகிற மாதிரி சொல்லுங்கள், யாரும் தப்புக் கண்டுபிடிக்க உட்கார்ந்திருக்கவில்லை.

ஸ்வாஹான்னா என்ன? அதுக்கு அப்புறம் ஒண்ணு முணுமுணுக்கிறாங்களே, அது என்ன?

'நன்றாகச் சொல்லப்பட்டது' என்று ஸ்வாஹாவுக்குப் பழைய விளக்கம் உண்டு, புராணத்தில் ஸ்வாஹா தேவி அக்னியின் மனைவி. தேவர்களுக்கு ஒன்றை நெருப்பு வழியாகக் கொடுக்கும்போது சொல்கிற சொல். நம் பேச்சில் ஒருத்தன் பணத்தை 'சுவாகா பண்ணிட்டான்' என்றால் விழுங்கிவிட்டான் என்று அர்த்தம் ஆகிவிட்டது. குண்டத்துக்கு முன்னால் அது நேர் எதிர், நான் கொடுத்துவிட்டேன் என்று பொருள்.

முணுமுணுப்பது 'இதம் ந மம'. இது என்னுடையது இல்லை. அக்னிக்குப் போட்டால் 'அக்னயே ஸ்வாஹா, அக்னயே இதம் ந மம'. என்னைக் கேட்டால் மொத்த ஹோமமும் இந்த மூன்று சொல்லில் இருக்கிறது. பொருள் தெரியாமல் எத்தனையோ மாதம் நான் சொல்லியிருக்கிறேன். தெரிந்த அன்று கையில் இருந்த எள்ளும் அரிசியும் வேறு மாதிரி கனத்தது.

எந்தக் கையால, எப்படிப் போடணும்? எவ்வளவு எடுக்கணும்?

வலது கை. உள்ளங்கை மேலே பார்த்திருக்க, நடுவிரலும் மோதிர விரலும் சேர்ந்து பிடிக்க, பெருவிரலால் முன்னால் தள்ளி விடுவது. ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும் படாது. மான் முகம் மாதிரி இருப்பதால் மிருகி முத்திரை என்பார்கள். எறியக்கூடாது, கை நெருப்புப் பக்கம் நீண்டு, மெதுவாக விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும்.

அளவு ஒரு சிட்டிகை. ஏன் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு தடவைக்கு 2 கிராம் என்றால் 108 தடவைக்கு ஒருவர் 216 கிராம் போடுகிறார், 30 பேர் வந்தால் ஆறரை கிலோ ஆகிவிடும். ஒன்றரை அடி குண்டத்தில் 25 நிமிஷத்தில் ஆறரை கிலோ எரியாது, அப்படியே மூடிக்கொண்டு புகையும். அதனால் எங்கள் இடத்தில் வரிசை வைத்துக்கொள்கிறோம். முதல் வட்டத்தில் எட்டுப் பேர் 27 ஆகுதி போட்டதும் பின்னால் போய் உட்காருவார்கள், அடுத்த எட்டுப் பேர் முன்னால் வருவார்கள். பின்னால் இருக்கும்போதும் 'ஸ்வாஹா' சொல்லும்போது கையை நெஞ்சிலிருந்து நெருப்பை நோக்கி நீட்டினால் போதும், அதுவும் ஆகுதிதான்.

நான் வீட்ல இருந்து ஏதாவது கொண்டு வரலாமா?

கொண்டு வாருங்கள், ஆனால் முதலில் என்னிடம் காட்டுங்கள். நாங்கள் கலக்குவது எள், பச்சரிசி, நெற்பொரி, அவல், நாட்டுச் சர்க்கரை, கொப்பரைத் துண்டு, வெட்டிவேர், சந்தனத்தூள், கொஞ்சம் குங்கிலியம், நிழலில் காயவைத்த ரோஜா இதழ். இந்தப் பட்டியல் ஊருக்கு ஊர் மாறும். அஷ்டதிரவியம் (எட்டு ஹோமப் பொருள்) என்பதையே இங்கே ஒரு மாதிரியும் திருநெல்வேலிப் பக்கம் ஒரு மாதிரியும் எண்ணுவார்கள், அதற்காகச் சண்டை வேண்டாம். விறகுக்குக் காய்ந்த பிலா (பலா) விறகும் சிரட்டையும். அரசு, அத்தி, வன்னி, நாயுருவி என்று சமித்து (ஹோமக் குச்சி) கிடைத்தால் தனியாக வைத்துக்கொள்வோம்.

நெய் பற்றி ஒரு வார்த்தை. 'விளக்கு நெய்' என்று மலிவாக விற்கிறார்களே, அதை வாங்கி வராதீர்கள், சாப்பிடத் தகுந்த நெய்யாகத்தான் இருக்க வேண்டும். ஒரு தடவைக்கு 3 மில்லி என்றால் 108க்கு முந்நூற்றுச் சொச்சம் மில்லிதான் ஆகும், அரை லிட்டர் நல்ல நெய் தாராளம். பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட் துண்டு, பிளாஸ்டிக் நூலில் கட்டிய மாலை எதுவும் குண்டத்துக்குள் போகக்கூடாது. மாலை போடுவதாக இருந்தால் வாழைநாரில் கட்டித் தரச் சொல்லுங்கள், தோவாளையில் கேட்டால் கட்டித் தருவார்கள்.

பட்டுச்சேலைதான் கட்டணுமா?

பருத்தி கட்டுங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பாலியஸ்டர், நைலான் எல்லாம் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். முந்தானையைச் சொருகிக்கொள்ள வேண்டும், துப்பட்டாவைப் பின்னால் முடிச்சுப் போட வேண்டும், விரித்த தலையைக் கட்டிக்கொள்ள வேண்டும். சின்னப் பிள்ளைகள் இரண்டாவது வட்டத்தில், பெரியவர் மடியில்.

பக்கத்தில் எப்போதும் ஒரு வாளி மணல் இருக்கும். நெய் சிந்தித் தரையில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், கொதிக்கிற நெய்யில் தண்ணீர் பட்டால் தெறித்துத் தீ பரவும். மணலை அள்ளிப் போடுங்கள்.

அன்னைக்கு மீன் சாப்பிட்டா தப்பா? எங்க வீட்ல மீன்கறி இல்லாம சோறு இறங்காது.

அன்று ஒரு நாள் வேண்டாம். மதியம் சைவமாக, கொஞ்சமாக, ஹோமத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு முன்னாலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நெருப்புக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் தலை சுற்றும், மூச்சுப் பயிற்சியும் வராது. முந்தின நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்பதில்லை. கடற்கரை ஊர்களில் இருந்து வருகிறவர்களிடம் அதைக் கேட்டு அவர்களைக் கூச வைப்பது எனக்குப் பிடிக்காது.

எனக்கு வீசிங் உண்டு. புகை ஒத்துக்குமா?

காற்று வருகிற பக்கத்தில், கடைசி வட்டத்தில் உட்காருங்கள், இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், மூச்சு இறுகினால் உடனே வெளியே போய்விடுங்கள். ஹோமப் புகை நல்ல புகை, அது ஒன்றும் செய்யாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்த விறகுப் புகையிலும் நுரையீரலுக்கு ஆகாத நுண்துகள் இருக்கும், கார்பன் மோனாக்சைடு இருக்கும். அதனால்தான் நாங்கள் மூடிய ஹாலில் நடத்துவதில்லை. மூன்று பக்கம் திறந்த கொட்டகை அது. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரர்களும் வெளித் திண்ணையில் உட்கார்ந்தால் போதும், மந்திரம் அங்கேயும் கேட்கும்.

புகை வந்தால் பாதி நேரம் அது நம் குற்றம்தான். ஈர விறகு, அளவுக்கு மீறின சாமான், காற்றுப் போகாமல் அடுக்கினது. ஐப்பசி மழையில் விறகை ஒரு வாரம் முன்னாலேயே அடுப்படிப் பரணில் ஏற்றிவிடுவேன்.

ஒரு ஸ்பூன் நெய் எரிஞ்சா டன் கணக்கில் ஆக்சிஜன் வரும்னு வாட்ஸ்அப்ல வந்துதே?

வராது. எது எரிந்தாலும் ஆக்சிஜன் செலவாகும், வராது. நெய் எரிந்தால் வருவது கார்பன் டை ஆக்சைடும் நீராவியும். பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டாலே சொல்லிவிடும். இந்தச் செய்தியைப் பரப்புகிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் பரப்புகிறார்கள், ஆனால் ஹோமத்துக்கு இப்படி ஒரு முட்டு வேண்டாம். விஞ்ஞானம் என்று பொய் சொல்லிக் கூட்டி வந்தால், அந்தப் பொய் தெரிகிற அன்று வந்தவர் மந்திரத்தையும் சேர்த்தே விட்டுவிட்டுப் போவார்.

பெண்கள் மந்திரம் சொல்லலாமா? அந்த மூணு நாள்ல வரலாமா?

சொல்லலாம், ஆகுதியும் போடலாம், எங்கள் இடத்தில் வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்தான். மாதவிலக்கு நாட்களைப் பற்றிக் கோயில்களில் அங்கங்கே அவரவர் முறை இருக்கிறது, அங்கே போனால் அந்த முறை. இங்கே நாங்கள் கேட்பதில்லை. உங்கள் மனதுக்குச் சரி என்று பட்டால் வாருங்கள், வயிறு வலித்தால் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டாம். வீட்டில் அம்மை சம்மதிக்கவில்லை என்றால் அவர்களோடு சண்டை போட்டுவிட்டு வராதீர்கள், அடுத்த பௌர்ணமி இருக்கவே இருக்கிறது.

நாங்க இன்ன சாதி. வேத மந்திரம் சொன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?

இதைத் தாழ்ந்த குரலில், தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் எனக்கு மனசு கனத்துப் போகிறது. சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கவே 1926இல் சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது நம் ஆட்களுக்கு. அன்றைக்கு நம் பகுதியும் சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்துக் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தது 1936 நவம்பர் 12 அன்று வந்த பிரகடனத்துக்குப் பிறகுதான். அந்தக் காலத்தைப் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு என்னிடம் கேட்கிறார்கள்.

யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவர்தான் எழுந்து போக வேண்டும். குண்டத்தைச் சுற்றி எங்கே இடம் காலியாக இருக்கிறதோ அங்கே உட்காருங்கள்.

நாங்க ஐயாவழி. / என் சிநேகிதி கிறிஸ்தவள், கூட்டிட்டு வரலாமா?

இரண்டுக்கும் ஒரே பதில்தான், வரலாம், கட்டாயம் இல்லை. ஐயா வைகுண்டர் வழி நடந்து, பதி என்கிற வழிபாட்டு இடத்தில் கண்ணாடிக்கும் விளக்குக்கும் முன்னால் கும்பிட்டு நாமம் இடுகிறவர்களுக்கு யாகம் பழக்கமில்லை என்று எனக்குத் தெரியும். அவர்கள் வழியை மாற்றச் சொல்ல இங்கே யாரும் இல்லை. ஆகுதி போடாமல் உட்கார்ந்து மூச்சை மட்டும் கவனிக்கலாம், சிலர் அப்படித்தான் வருகிறார்கள். நெற்றியில் ரட்சை (ஹோமச் சாம்பல்) வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், வற்புறுத்த மாட்டோம். வந்தவர்களை மதம் கேட்டு வரிசைப்படுத்துவது நம் ஊருக்கு ஆகாது.

தமிழ்ல சொன்னா அக்னி ஏத்துக்காதா?

ஏன் ஏற்காது? திருமந்திரத்தின் முதல் தந்திரத்தில் 'அக்கினி காரியம்' என்றே ஒரு பகுதி இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் 2020 பிப்ரவரி 5 அன்று நடந்த குடமுழுக்கில் வடமொழி, தமிழ் இரண்டும் ஒலித்தன. எங்கள் ஹோமத்திலும் 108 மந்திரம் முடிந்ததும் ஒரு பெரியவர் தேவாரம் பாடுவார், அந்த நேரத்தில் எல்லோரும் அடங்கிப் போவதைப் பார்க்க வேண்டும். சமஸ்கிருதம் வராது என்பவர்கள் 'நமசிவாய' என்று சொல்லி ஆகுதி போடுங்கள். எந்த மொழியானாலும் சொல்லும் மூச்சும் ஒன்றாகப் போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

வள்ளுவரே யாகம் வேண்டாம்னு சொல்லியிருக்காரே அக்கா?

கேட்டது பதினோராம் வகுப்புப் பையன், 133 அடி வள்ளுவர் சிலையைப் பார்த்துவிட்டு நேராக வகுப்புக்கு வந்திருந்தான். அவன் சொன்ன குறள், 259: 'அவிசொரிந் தாயிரம் வேட்டலின் ஒன்றன் உயிர்செகுத் துண்ணாமை நன்று.' நெய் முதலியவற்றைச் சொரிந்து ஆயிரம் வேள்வி செய்வதைவிட ஓர் உயிரைக் கொன்று தின்னாமல் இருப்பது நல்லது.

வேண்டாம் என்று சொல்லவில்லை, எது பெரியது என்று சொல்கிறார். அதை நான் முழுசாக ஏற்றுக்கொள்கிறேன். ஹோமத்துக்கு வந்துவிட்டோம், இனி வீட்டில் எப்படி நடந்துகொண்டாலும் கணக்கு நேராகிவிடும் என்று நினைக்கிறவருக்கு அந்தக் குறள் நேராகப் பொருந்தும். மீன் பற்றி மேலே ஒரு நாள் என்று சொன்னேனே, அந்த ஒரு நாள் இரண்டு நாளாகி நாலாகி, இப்போது முழுக்க விட்டுவிட்டவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

பூர்ணாகுதியில பட்டுச்சேலை, காசு, தங்கம் போடணுமாமே?

சிலர் போடுவது உண்டு. எங்கள் இடத்தில் போடுவதில்லை. கொப்பரையில் நெய் நிரப்பி, பாக்கு வைத்து, ஒரு துண்டு பருத்தித் துணியில் கட்டி, எல்லோரும் ஒரு தடவை தொட்டுக் கொடுத்து, அதை ஒருவர் நெருப்பில் இறக்குவார். அவ்வளவுதான். முழுத் தேங்காயைத் தண்ணீரோடு போட்டுவிடாதீர்கள், உள்ளே நீராவி சேர்ந்து வெடிக்கும், நான் பார்த்திருக்கிறேன், கங்கு ஆறடி தள்ளி வந்து விழுந்தது. அதனால்தான் கொப்பரை.

சேலை போட வேண்டும் என்று வேண்டிக்கொண்டீர்களா? குண்டத்துக்கு முன்னால் வைத்து 'இதம் ந மம' சொல்லிவிட்டு, கட்டிக்கொள்ளத் தேவையிருக்கிற ஒருத்திக்குக் கொடுத்துவிடுங்கள்.

சங்கல்பத்துல இது வேணும் அது வேணும்னு கேட்டுட்டு, அப்புறம் 'என்னுடையது இல்லை'ன்னா அது முரண் இல்லையா?

இதைக் கேட்டவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு மூன்று மாதம் மனதில் போட்டு வைத்திருந்தேன்.

இப்போது எனக்குப் படுவது இது. நாம் வேண்டுதலோடுதான் வருவோம். மகளுக்கு வரன், மகனுக்கு வேலை, கடன், மூட்டுவலி, பக்கத்து வீட்டு எல்லைத் தகராறு. அதை இல்லை என்று மறைத்துவிட்டுப் பெரிய ஞானி மாதிரி உட்கார்ந்தால் மனம் 108 தடவையும் அதையேதான் சுற்றும். சங்கல்பம் அதை வெளியே எடுத்து, இதுதான் என் கையில் இருக்கிறது என்று காட்டுகிற இடம். கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தானே விட முடியும்? பிறகு ஒவ்வொரு ஆகுதியிலும் அந்த ஆசையின் ஒரு சிட்டிகை போகிறது. மகளுக்கு வரன் வரட்டும், ஆனால் எப்போது, எந்த வழியில் என்பதை நான் பிடித்து வைத்துக்கொண்டிருக்கவில்லை. முதல் இருபது ஆகுதியில் இது வாய் வார்த்தைதான். எழுபது எண்பதைத் தாண்டும்போது தோள் இறங்கும், தாடை தளரும், அதை மற்றவர்கள் முகத்திலேயே பார்க்கலாம். வெள்ளரி காம்பை விடுவது என்று மேலே சொன்னேனே, அதை யாரும் பிடுங்குவதில்லை, பழுத்தால் தானாக விடும்.

அதனால் ஒரு வேண்டுதலை மட்டும் எடுத்து வாருங்கள். பத்தை எடுத்து வந்தால் எதையும் விட முடியாது. இன்னொருத்தருக்குக் கெடுதல் வர வேண்டும் என்ற எண்ணத்தோடு அந்த நெருப்புக்கு முன்னால் உட்காராதீர்கள், கோபம் தணிகிறவரை திண்ணையில் இருங்கள்.

பரிகார ஹோமம்னு ஒருத்தர் அம்பதாயிரம் கேக்கிறார். செய்யலாமா? / ஹோமம் செஞ்சா சுகர் மாத்திரையை நிறுத்தலாமா?

கடன் வாங்கிச் செய்யாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் தோஷம் என்று பயந்து நகையை அடகு வைத்துச் செய்தது, தோஷத்தைவிட வட்டிதான் அவர்களை வாட்டியது. பயமுறுத்திக் காசு கேட்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். எங்கள் ஹோமத்துக்குக் கட்டணம் இல்லை, முடிந்தவர்கள் நெய்யோ விறகோ கொண்டு வருவார்கள்.

மாத்திரையை நிறுத்தக்கூடாது. மருத்துவர் சொன்னது மருத்துவர் சொன்னதுதான்.

வீட்ல தினமும் செய்ய முடியுமா?

சின்னதாக, அக்னிஹோத்ரம் என்று இருக்கிறது. தலைகீழ் பிரமிடு மாதிரி ஒரு செம்புப் பாத்திரம், காய்ந்த பசுஞ்சாண வரட்டி, கொஞ்சம் நெய், முனை முறியாத இரண்டு சிட்டிகை பச்சரிசி. காலையில் சூரியன் உதிக்கிற நேரத்தில் 'ஸூர்யாய ஸ்வாஹா, ஸூர்யாய இதம் ந மம. ப்ரஜாபதயே ஸ்வாஹா, ப்ரஜாபதயே இதம் ந மம', சாயங்காலம் மறைகிற நேரத்தில் சூரியன் இடத்தில் அக்னி: 'அக்னயே ஸ்வாஹா'. இரண்டு சிட்டிகை, முடிந்தது.

நேரம்தான் முக்கியம், அந்த விஷயத்தில் நமக்குக் கொடுப்பினை. உதயமும் அஸ்தமனமும் கடலிலேயே தெரிகிற கன்னியாகுமரி இருக்கிற மாவட்டம், உதயம் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஆறுக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவில்தான் இருக்கும், அலாரத்தை அதிகம் மாற்ற வேண்டியிருக்காது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், கேஸ் சிலிண்டர் பக்கம் வைக்காதீர்கள், அணைகிறவரை பக்கத்திலேயே இருங்கள்.

சாம்பலை என்ன செய்யணும்? கடல்ல கரைக்கணுமா?

கொஞ்சம் எடுத்துச் சலித்து, நெய்யில் குழைத்து ரட்சையாக நெற்றியில் இடுவோம். மீதி தென்னை மரத்தின் அடி மூட்டுக்கு. சாம்பலில் சாம்பல் சத்து (பொட்டாஷ்) இருக்கிறது, தென்னை அதை எடுத்துக்கொள்ளும். கடலிலும் பழையாற்றிலும் கொட்ட வேண்டாம். ஒரு நாள் முழுக்க ஆறின பிறகுதான் அள்ள வேண்டும், மேலே வெள்ளையாக ஆறின மாதிரி இருந்தாலும் அடியில் கங்கு இருக்கும். ஒரு தடவை அவசரப்பட்டு பிளாஸ்டிக் வாளியில் அள்ளினோம், வாளியின் அடி உருகிக் கொட்டகைத் தரையில் ஒட்டிக்கொண்டது.

நடுவுல தீ அணைஞ்சிட்டா கெட்ட சகுனமா?

இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆடிக் காற்று அடிக்கிற அடியில் தீ எப்படி நிற்கும் என்று நினைக்கிறீர்கள்? தோவாளைப் பக்கம் ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஆடி மாதம் செய்தோம். தகரத்தை மறைப்பாக வைத்தும் மூன்று தடவை தீ படுத்துவிட்டது, கூடவே சாரல். அந்த வீட்டு அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. கீழே மாட்டுத் தொழுவத்து ஓரத்துக்குக் குண்டத்தை மாற்றி, விட்ட எண்ணிக்கையில் இருந்து தொடர்ந்தோம். 108 முடியும்போது மழையும் விட்டிருந்தது, மாடும் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அணைந்தால் கற்பூரம் கொஞ்சம், காய்ந்த சிரட்டைச் சில்லு இரண்டு, நெய் ஒரு கரண்டி. பற்றும்.

எல்லாரும் அமைதியா இருந்துதுன்னு சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் தோணலியே, கால்தான் வலிச்சுது.

கால் வலித்தால் நாற்காலி கேளுங்கள், இருக்கிறது. தோன்றாதது குறை இல்லை. போனை அணைத்து வைத்தீர்களா என்று மட்டும் பாருங்கள், வீடியோ எடுத்துக்கொண்டே இருந்தவர்களுக்கு ஒன்றும் தோன்றாததில் ஆச்சரியம் இல்லை. மூன்று மாதம் வந்து பாருங்கள். அப்போதும் ஒன்றும் இல்லையென்றால் உங்கள் வழி வேறாக இருக்கலாம், காலையில் சங்குத்துறைக் கடற்கரையில் பேசாமல் நடப்பதே சிலருக்குப் போதுமானதாக இருக்கிறது.

அப்பா போன வருஷம் தவறிட்டாங்க. அவங்க பேரைச் சொல்லிப் போடலாமா?

போடலாம். இது திதிக்குப் பதில் இல்லை என்பதை மட்டும் மனதில் வையுங்கள். பிதுர்களுக்குக் கொடுக்கும்போது சொல்கிற சொல்லே வேறு, அங்கே ஸ்வாஹா இல்லை, ஸ்வதா. ஆடி அமாவாசைக்கு முக்கடல் கூடுகிற இடத்திலோ, குழித்துறையில் வாவுபலி என்கிற அமாவாசைப் பலியிலோ செய்வதை அங்கேயே செய்யுங்கள்.

இங்கே ஒரே ஒரு ஆகுதியை அவருக்காக வைத்துக்கொள்ளலாம். எந்த எண்ணிக்கையில் என்பது உங்கள் விருப்பம். வரும்போது அவருக்குப் பிடித்ததில் ஒரு சிட்டிகை கொண்டு வாருங்கள், ஒரு பெண் அவள் அப்பா தினமும் சாயாவில் போட்டுக் குடித்த கருப்பட்டியைப் பொடித்துக் கொண்டு வந்திருந்தாள். முன்னாலேயே என்னிடம் சொல்லிவிடுங்கள், முதல் வட்டத்தில் இடம் வைத்திருப்பேன். அழுகை வந்தால் எழுந்து போக வேண்டியதில்லை, அங்கே எல்லோருக்கும் கண்ணில் புகைதான்.